நண்பரோடு தாய்லாந்து ஃபியூஷன் சாப்பாடு: திருகோணமலையில் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து உணவகங்களின் மெனுவில் தாய்லாந்துச் சாப்பாடு ஏறத் தொடங்கியதிலிருந்து, தெரிந்தவர்கள் அங்கே போகுமுன் எனக்குப் போன் எடுப்பது வழக்கமாகிவிட்டது. விடுதிக் குசினியில் வேலை செய்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை எழுதி, பதிலையும் கீழே தந்திருக்கிறேன்.

ஃபியூஷன் எண்டால் என்ன? அது தாய்லாந்துச் சாப்பாடோ, இல்லையோ?

தாய்லாந்துச் சமையலின் சரக்குகளையும் சுவையையும் எடுத்து வேறொரு சமையலோடு சேர்த்துச் செய்வதுதான் ஃபியூஷன். பச்சைக் கறியைச் சோற்றுக்குப் பதில் பாஸ்தாவோடு தருவார்கள். எங்கள் பக்கத்தில் அதையே இடியப்பத்தோடு தரலாம், அறுக்குளாவைச் சுட்டு மேலே சிவப்புக் கறி ஊற்றலாம், எலுமிச்சைப் புல் போட்டுப் புடிங் செய்யலாம்.

உறைப்பு, புளிப்பு, உப்பு, இனிப்பு நான்கும் ஒரே வாயில் தெரிந்தால் அதைத் தாய்லாந்து வழிச் சாப்பாடு என்று நான் ஏற்றுக்கொள்வேன். தட்டு எவ்வளவு வடிவாக இருந்தாலும் புளிப்பே இல்லாமல் வெறும் தேங்காய்ப்பாலும் சீனியுமாக வந்தால் ஏற்கமாட்டேன்.

நாங்கள் சோறு கறி சாப்பிட்டு வளர்ந்த ஆக்கள். எங்களுக்குப் பிடிக்குமோ?

பிடிக்கும். அவர்களுடைய குசினியில் இருக்கிற பெரும்பாலான சாமான் எங்கள் வீட்டிலும் இருக்கிறது: தேங்காய்ப்பால், கொச்சிக்காய், தேசிக்காய், உள்ளி, சின்ன வெங்காயம், ரம்பை, மல்லி, சீரகம், புளி. புதிதாகத் தெரிவது நான்கைந்துதான். அரத்தை, எலுமிச்சைப் புல், மக்ரூட் தேசி இலை, மீன் சோஸ், கூனி இறாலை உப்போடு நொதிக்கவைத்து அரைத்த விழுது. அரத்தை எங்களுக்கு மருந்துச் சரக்கு. அவர்களுக்கு அது இஞ்சிபோல அன்றாடச் சமையல் சரக்கு.

பெரிய வித்தியாசம் சமைக்கிற முறையில் இருக்கிறது. நாங்கள் தூளை வறுத்துப் போட்டு நேரமெடுத்துக் கொதிக்கவிடுகிறோம். அவர்கள் பச்சைச் சரக்குகளை உரலில் இடித்து விழுதாக்கி, தேங்காய்ப்பால் எண்ணெய் விடும்வரை அதில் வதக்கி, மீனோ இறைச்சியோ போட்டுக் கெதியில் இறக்கிவிடுகிறார்கள். அதனால் வாசம் பச்சையாக, தூக்கலாக வரும்.

மெனுவைப் பார்த்தால் ஒண்டும் விளங்குதில்லை. எது என்ன எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ.

டொம் யம் என்பது புளிப்பும் உறைப்பும் உள்ள சூப். இறால் போட்டது டொம் யம் குங். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. டொம் கா தேங்காய்ப்பால் சூப். சொதி பிடித்தவர்கள் அதிலிருந்து தொடங்கலாம், ஆனால் அதில் மஞ்சள் நிறத்தை எதிர்பார்க்காதீர்கள், வெள்ளையாகத்தான் இருக்கும். சோம் தாம் என்பது காய்ப் பப்பாசியை மெல்லிய கீலங்களாக்கி, தேசிப்புளி, கொச்சிக்காய், கச்சான் எல்லாம் உரலில் போட்டு இலேசாக இடித்த சலாட். லாவோசிலும் வடகிழக்குத் தாய்லாந்திலும் அது வீட்டுச் சாப்பாடு.

கறிகளில் பச்சை, சிவப்பு, பனாங், மசமான் என்று வரும். பச்சைக் கறி பச்சைக் கொச்சிக்காயில் செய்வது. சிவப்பு, காய்ந்த மிளகாயில். பனாங் கட்டியானது, கச்சான் சேர்ந்தது. மசமானில் கறுவா, ஏலம், கராம்பு எல்லாம் இருக்கும், உருளைக்கிழங்கும் இருக்கும். முஸ்லிம் வணிகர்களின் சமையலிலிருந்து தாய்லாந்துக்குள் போன கறி என்று கருதப்படுகிறது. முதல்முறை போகிற வீட்டுக்காரருக்கு நான் சொல்வது மசமான்தான், அந்த வாசம் அவர்களுக்குப் பழக்கமானது.

பாட் தாய் என்பது வதக்கின அரிசி நூடில்ஸ். பாட் க்ரா பாவ் என்பது துளசியும் கொச்சிக்காயும் போட்டு வதக்கின இறைச்சி, மேலே பொரித்த முட்டையோடு வரும். துளசியைச் சாப்பாட்டில் போடுவதா என்று சிலர் தயங்குகிறார்கள். அங்கே அது வெறும் கீரைதான். மனம் ஒப்பவில்லை என்றால் வேறொன்றைச் சொல்லலாம், மெனு நீளமானது.

ரெண்டு பேருக்கு எத்தனை சாப்பாடு சொல்லவேணும்?

ஆளுக்கொரு தட்டு என்று சொல்லாதீர்கள். இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்கவேண்டாம். தாய்லாந்துச் சாப்பாடு நடுவில் வைத்து எடுத்துச் சாப்பிடுகிற சாப்பாடு. ஒரு தட்டில் நான்கு சுவையும் சரிசமமாக இருக்கவேண்டியதில்லை. மேசையில் இருப்பவை எல்லாம் சேர்ந்து அந்தச் சமநிலையைத் தரும். நீங்கள் மசமானை மட்டும், உங்கள் சிநேகிதர் சோம் தாமை மட்டும் சாப்பிட்டால் ஒருவருக்கு நெஞ்சு கரிக்கும், மற்றவருக்குப் பல் கூசும். இரண்டையும் நடுவில் வைத்தால் இரண்டும் இன்னும் நன்றாக இருக்கும்.

இரண்டு பேருக்கு ஒரு சூப், ஒரு கறி, வதக்கினதோ சுட்டதோ ஒன்று, வெள்ளைச் சோறு. சாப்பிட முடியுமென்றால் ஒரு சோம் தாம். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லி, ஒன்றாகக் கொண்டுவரும்படி கேளுங்கள். விடுதி உணவகங்களில் சூப்பை முதலில் தந்து, குடித்து முடித்த பிறகு மற்றதைக் கொண்டுவருகிற பழக்கம் இருக்கிறது. சொன்னால் மாற்றிச் செய்வார்கள்.

சிலருக்குப் பகிர்ந்து சாப்பிடக் கூச்சம். பரிமாறுகிற கரண்டி தனியாக வரும், எச்சில் படாது. ஒரு முறைக்கு ஒரு கறியை மட்டும் கொஞ்சம் எடுத்துச் சோற்றில் விட்டு, அதை முடித்த பிறகு அடுத்ததை எடுப்பது அங்குள்ள வழக்கம். சிநேகிதரின் தட்டில் நீங்கள் ஒரு துண்டு மீனை எடுத்து வைப்பது அங்கேயும் அன்பின் அடையாளம்தான்.

சொப்ஸ்டிக் பிடிக்கத் தெரியாது. கையால சாப்பிட்டால் குறையா நினைப்பினமோ?

தாய்லாந்தில் சோற்றைச் சொப்ஸ்டிக்கால் சாப்பிடுவதில்லை. அது சூப்போடு வருகிற நூடில்ஸுக்கு மட்டும். சோற்றுக்கு வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்ளுக்கரண்டி. முள்ளுக்கரண்டியால் தள்ளி, கரண்டியால் வாயில் வைப்பார்கள். எல்லாம் சிறு துண்டாக வெட்டியே வருவதால் கத்தி தேவைப்படாது.

தாய்லாந்தின் வடக்கிலும் வடகிழக்கிலும் ஒட்டுகிற சோற்றைக் கையால் உருட்டி, கறியில் தொட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். ஆகையால் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள். விரல் கழுவக் கிண்ணம் கேட்டால் தருவார்கள்.

டொம் யம்மில மரத்துண்டு மாதிரி ஏதோ கிடக்குது. அதையும் சாப்பிடவேணுமோ?

வேண்டாம். அது அரத்தைத் துண்டு, எலுமிச்சைப் புல்லின் தண்டு, மக்ரூட் இலை. இரண்டு இலையை நுனிக்கு நுனி ஒட்டியதுபோல நடுவில் ஒடுங்கியிருப்பது மக்ரூட். கறியில் கறுவாப்பட்டையை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கிவிடுங்கள். அவை கிண்ணத்தில் கிடப்பது நல்ல அறிகுறி. கடையில் வாங்கிய பொடியைக் கரைக்காமல் சரக்குப் போட்டு அவித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உறைப்பு எப்பிடி? எங்களுக்கு உறைப்புப் பழக்கம்தானே, தாங்கலாம்தானே?

எங்கள் உறைப்பு மிளகாய்த்தூளில் வருவது, மெதுவாக ஏறும். அவர்களுடையது பச்சைக் கொச்சிக்காயில் வருவது, முதல் வாயிலேயே சுள்ளென்று பிடிக்கும். பச்சைக் கறியின் நிறத்தைப் பார்த்துச் சாது என்று நினைக்கவேண்டாம், பல இடங்களில் சிவப்பைவிட அது உறைப்பு. இன்னொரு பக்கம், வெளிநாட்டுச் சுற்றுலாக்காரருக்காக உறைப்பைக் குறைத்துச் சமைக்கிற குசினிகளும் இங்கே இருக்கின்றன. அங்கே போய் எதுவும் சொல்லாமல் இருந்தால் சப்பென்று வரும். ஆகவே சொல்லும்போதே உறைப்பு எவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் சிநேகிதர் உறைப்புத் தாங்காதவர் என்றால் நடுத்தரமாகச் சொல்லி, மீன் சோஸில் வெட்டிப்போட்ட கொச்சிக்காயைப் பக்கத்தில் கேளுங்கள். வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம். அதிகமாகிவிட்டால் தண்ணீர் குடித்துப் பயனில்லை, உறைப்பைத் தருகிற பொருள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். சோறும் தேங்காய்ப்பால் கறியும் வாயைக் குளிரவைக்கும்.

வெள்ளிக்கிழமை சைவம். மெனுவில "மரக்கறி" எண்டு போட்டிருக்கு. சாப்பிடலாம்தானே?

கேட்காமல் சாப்பிடவேண்டாம். மரக்கறிக் கறி என்றால் உள்ளே மரக்கறித் துண்டுகள் இருக்கின்றன என்பது மட்டும்தான் நிச்சயம். கறி விழுதிலேயே கூனி இறால் விழுது சேர்ந்திருக்கும். உப்புக்குப் பதில் மீன் சோஸ். அது நெத்தலியை உப்புப் போட்டு, பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் நொதிக்கவிட்டு வடித்தெடுக்கிற சாறு. வதக்குகிறதில் சிப்பிச் சாறு கலந்த ஒயிஸ்டர் சோஸ், சூப்பில் கோழி அவித்த தண்ணீர், பாட் தாயில் காய்ந்த இறாலும் முட்டையும். எங்கள் ஊர்ச் சம்பலிலும் மாசி இருக்கும்தானே. கேட்டுப் பழகினவர்கள்தான் நாங்கள்.

குசினிக்குள் நடப்பதைச் சொல்கிறேன், கேட்கிறபோது உதவும். கறி விழுதைப் பெரும்பாலும் முன்கூட்டியே அரைத்தோ வாங்கியோ வைத்திருப்பார்கள். அதிலிருந்து இறாலைப் பிரித்தெடுக்க முடியாது. "மீன் போடவேண்டாம்" என்று சொன்னால் மீன் துண்டைத்தான் விடுவார்கள், விழுது அதேதான். சூப்புத் தண்ணீரும் அப்படியே. ஆனால் தாச்சியில் அந்த நேரத்தில் வதக்குகிறவற்றை முழுச் சைவமாகச் செய்யலாம்: கங்குன், காளான், டோஃபு, மரக்கறிப் பொரித்த சோறு. மீன் சோஸுக்குப் பதில் சோயா சோஸ், தாச்சியைக் கழுவிவிட்டுச் செய்யும்படி கேட்கவேண்டும். முதல் நாளே போன் எடுத்தால், இறால் விழுது சேராத கறிக்கூட்டைத் தனியாக இடித்துத் தருகிற சமையற்காரர் இருப்பார். கந்தசஷ்டி போன்ற கடும் விரத நாளென்றால் நான் சொல்வது ஒன்றுதான்: வேறு நாள் போங்கள். நெஞ்சில் சந்தேகத்தோடு சாப்பிடுகிற சாப்பாடு ருசிக்காது.

என்ர சிநேகிதி முஸ்லிம். ஹலால் சான்றிதழ் இல்லாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாமோ?

அதை அவவிடம்தான் கேட்கவேண்டும், இடத்தைத் தீர்மானிக்குமுன் கேட்கவேண்டும். ஒவ்வொருவரின் கடைப்பிடிப்பும் வேறு. சிலர் சான்றிதழ் இல்லாத இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். சிலர் கடலுணவு மட்டும் சாப்பிடுவார்கள். வந்து உட்கார்ந்த பிறகு "பரவாயில்லை, எனக்குப் பசியில்லை" என்று அவ சொல்லும்படி வைப்பது நட்புக்கு அழகில்லை.

கடையில் கேட்கவேண்டியவை மூன்று. பன்றி இறைச்சி அங்கே சமைக்கிறார்களா, அப்படியென்றால் தாச்சியும் வெட்டுப்பலகையும் தனியா? கோழியும் மாட்டிறைச்சியும் எங்கிருந்து வருகின்றன? சோஸில் சமையல் வைன் சேர்க்கிறார்களா? மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஃபியூஷன் குசினியில் ஜப்பானிய மிரினோ சீன வைனோ வதக்கலில் விழுவது சாதாரணம். விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் போட்ட புடிங், மூஸ் வகைகளையும் அப்படியே கேளுங்கள். சைவக்காரருக்கும் அது ஆகாது.

எங்கள் ரெண்டு பேரில ஒராள் சைவம், மற்றவர் மச்சம் இல்லாமல் சாப்பிடமாட்டார். பிறகென்ன பகிர்ந்து சாப்பிடுறது?

சைவக்காரருக்குப் பொருந்துகிறவற்றை நடுவிலும், மச்சத்தை ஒரே ஒரு தட்டாக மற்றவரின் பக்கத்திலும் வைக்கலாம். அதாவது வதக்கின மரக்கறி, டோஃபு, சோறு பொதுவில், சுட்ட மீன் ஒருவருக்கு. மச்சம் சாப்பிடுகிறவருக்கும் இது குறையில்லை, அவருக்கு எல்லாமே உண்டு. தலைகீழாகச் செய்தால், நடுவில் மூன்று மச்சமும் ஓரத்தில் சைவக்காரருக்கு ஒரு கிண்ணம் வெறும் சோறும் என்று வரும். அப்படி ஒரு மேசையை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

மேலே சொன்ன சிநேகிதியோடு நீங்கள் வெள்ளிக்கிழமை போனால் வேலை இன்னும் சுலபம். முழுச் சைவமாக, வைன் சேர்க்காமல் சமைத்தது இரண்டு பேருக்கும் பெரும்பாலும் சரிவரும். திருகோணமலையில் இப்படியான மேசைகள் புதிதல்ல.

எனக்கு இறால் ஒத்துவராது. இறால் இல்லாத கறி சொன்னால் காணும்தானே?

காணாது. காரணம் சைவம் பற்றிய பதிலில் இருக்கிறது: விழுதிலேயே இறால் உண்டு. கச்சான் ஒவ்வாதவர்களுக்கு பாட் தாய், பனாங், மசமான், சோம் தாம், சுட்ட இறைச்சிக்குத் தொட்டுக்கொள்கிற சாத்தே சோஸ் ஐந்தும் ஆபத்து. "பிடிக்காது" என்று சொல்லாதீர்கள். "சாப்பிட்டால் மூச்சு அடைக்கும்" என்று சொல்லுங்கள். பிடிக்காது என்றால் மேலே தூவியதை எடுத்துவிட்டுத் தருவார்கள். கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் ஒரே தாச்சியில் எல்லாம் சமைக்கிற சிறு குசினியை நம்பவேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து.

மீனும் கணவாயும் இங்க பிடிச்சதோ, கொழும்பில இருந்து ஐஸ்பெட்டியில வந்ததோ?

"இண்டைக்கு என்ன மீன்?" என்று கேளுங்கள். பாரை, கலவாய், விளைமீன் என்று பெயர் சொன்னால் நல்லது. "ஃபிஷ்" என்று மட்டும் சொன்னால் எழும்பிப் போகவேண்டாம், ஆனால் கறியைச் சொல்லுங்கள், சுட்டதைச் சொல்லாதீர்கள். வடகீழ்ப் பருவமழை அடிக்கிற நவம்பர், டிசம்பரில் சிறு படகுகள் பல நாட்களில் கடலுக்கு இறங்காது. அந்தக் காலத்தில் மரக்கறியும் கோழியும் நல்ல தெரிவு. கணவாய் புதிதாகக் கிடைக்கும்போது தேசிப்புளியும் உள்ளியும் போட்டு அவித்தது கட்டாயம் சாப்பிடவேண்டிய ஒன்று. எங்கள் கடலுக்கும் அந்தச் சமையலுக்கும் அவ்வளவு பொருத்தம்.

எப்ப போறது நல்லது? முன்கூட்டியே சொல்லவேணுமோ?

மே தொடக்கம் செப்டெம்பர் வரை கடற்கரைப் பக்கம் சுற்றுலாக்காரர் நிறையும். மாலையில் மேசை வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மழைக்காலத்தில் சில கடைகள் மூடியிருக்கும் அல்லது மெனுவைக் குறைத்திருக்கும், போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். இருட்டின பிறகு உப்புவெளியிலிருந்து டவுனுக்குத் திரும்ப ஓட்டோவை வரும்போதே பேசிவைப்பது நல்லது. போயா தினத்தில் மதுபானம் விற்கமாட்டார்கள், சாப்பாடு உண்டு. அமைதியாகக் கதைத்துச் சாப்பிட விரும்புகிறவர்களுக்கு அது நல்ல நாள்.

வடிவான கடை. என்ன உடுப்புப் போடுறது?

சுத்தமான எந்த உடுப்பும் சரி. கடற்கரைக் கடையில் செருப்பும் சரி. கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு வேட்டி சேலையோடு நேரே வருகிறவர்களும் உண்டு.

மெனுவில ஒரு விலை, பில்லில இன்னொரு விலை. ஏன்?

பல விடுதி உணவகங்களில் மெனு விலைக்கு மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேரும். வட் வரிக்குப் பதிந்த இடமென்றால் அதுவும் சேரும். 2024 ஜனவரியிலிருந்து அது 18 சதவீதம். மெனுவில் 10,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 13,000 ரூபாய் வரும், அதைக் கையில் வைத்திருங்கள். எல்லாம் சேர்ந்த விலையா, சேராத விலையா என்பது மெனுவின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். சேவைக் கட்டணம் எடுத்த பிறகு டிப்ஸ் கொடுப்பது உங்கள் விருப்பம். நன்றாகப் பார்த்த பிள்ளைக்குக் கையில் கொடுத்தால் அது நேரே போய்ச் சேரும்.

ஆர் காசு குடுக்கிறது? கேட்கவும் வெட்கமா இருக்கு.

கூப்பிட்டவர் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். பாதிப்பாதி என்றால் கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள், பில் வந்த பிறகு இழுபறிப்படவேண்டாம். சிநேகிதருக்கு அந்த விலை பாரமென்று தெரிந்தால் மத்தியானம் போங்கள். சில இடங்களில் மத்தியானத்துக்கு ஒரு கறியும் சோறும் குறைந்த விலையில் இருக்கும்.

சாப்பாடு சரியில்லை எண்டால் திருப்பி அனுப்பலாமோ?

மீன் மணத்தாலோ, கோழி வேகாவிட்டாலோ, சொன்னதற்கு மாறாக இறால் இருந்தாலோ உடனே சொல்லுங்கள். ஒரு வாய்க்குப் பிறகு சொல்லவேண்டும், தட்டைக் காலியாக்கிவிட்டல்ல. உப்பு, புளி, உறைப்புக் குறைவென்றால் திருப்பி அனுப்பத் தேவையில்லை. தேசிக்காய்ப் பாதியும் கொச்சிக்காயும் கேட்டு நீங்களே சரிசெய்யலாம். தாய்லாந்தில் நூடில்ஸ் கடை மேசைகளில் மீன் சோஸ், மிளகாய்த்தூள், சீனி, மிளகாய் ஊறின வினாகிரி நான்கும் வைத்திருப்பது அதற்குத்தான். சாப்பிடுகிறவர் கடைசிக் கையை வைப்பதைச் சமையற்காரர் அவமதிப்பாக எடுப்பதில்லை.

நான் பாங்கொக்கில சாப்பிட்டனான். இஞ்ச குடுக்கிறது அது மாதிரி இல்லை. ஏமாத்துறாங்களோ?

பாங்கொக்கில் சாப்பிட்டதுபோலவே வேண்டுமென்றால் ஃபியூஷன் கடை அதற்குரிய இடமல்ல. ஆனால் "அசல்" என்று நாங்கள் நினைக்கிறதும் அவ்வளவு பழையதல்ல. பாட் தாயை நாடெங்கும் பரப்பியது, பிளேக் பிபுன்சொங்கிராம் முதல்முறை பிரதமராக இருந்த 1938 முதல் 1944 வரையான காலத்து அரசாங்கம். கொச்சிக்காய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, எங்களுக்கும் அவர்களுக்கும் அது இரவல்தான். அப்படிப்பட்ட சமையல் திருகோணமலைக்கு வந்து பாரையையும் இடியப்பத்தையும் சேர்த்துக்கொள்வதை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன்.

அரத்தைக்குப் பதில் இஞ்சி, மக்ரூட் இலைக்குப் பதில் தேசித்தோல், மீன் சோஸுக்குப் பதில் வெறும் உப்பு என்று மாற்றிவிட்டு அதே பெயரில், அதே விலையில் விற்பதுதான் ஏமாற்று. இஞ்சி போட்ட டொம் யம் நல்ல இஞ்சிச் சூப்பாக இருக்கலாம், டொம் யம் ஆகாது. ஆகையால் சொல்லுமுன் அரத்தையும் மக்ரூட் இலையும் இன்று இருக்கிறதா என்று பரிமாறுகிறவரிடம் கேளுங்கள். குசினிக்குப் போய்க் கேட்டுவந்து சொல்கிறவர் இருக்கிற கடையில் தயங்காமல் சாப்பிடலாம். இல்லையென்று நேர்மையாகச் சொன்னால் அன்றைக்கு சூப்பை விட்டுவிட்டு, சுட்ட மீனையும் சோற்றையும் சொல்லுங்கள்.